சுகமே இல்லைன்னு சொல்றான், அப்புறம் ஏன் தேடிப் போறான்? (போதையும் மூளையும்)

கயல்_திருச்சி
எல்லாருக்கும் வணக்கம். இங்க மூளை சம்பந்தமா படிச்சவங்க, டாக்டருங்க இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்குறேன். என் தம்பிக்கு வலி மாத்திரை பழக்கம். மறுவாழ்வு மையத்துல இருந்து வந்து அஞ்சாறு மாசம் நல்லாத்தான் இருந்தான், வேலைக்குப் போனான், முகத்துல சதை போட்டுச்சு, அம்மா கோயிலுக்கெல்லாம் வேண்டுதல் செலுத்திட்டு வந்தாங்க. போன மாசம் திரும்பவும் ஆரம்பிச்சுட்டான். அதுல அப்படி என்னடா சுகம்னு கோவமா கேட்டேன். "சுகமெல்லாம் எப்பவோ போயிடுச்சுக்கா, இப்ப போட்டா ஒண்ணுமே தெரியல, ஆனா அந்தத் தெருவுல திரும்புனா போதும், கால் தானா போகுது"ன்னான். அப்பா இதை நம்பல, நடிக்கிறான்ங்குறார். எனக்கு அவன் சொன்னது பொய்யாத் தெரியல. சந்தோஷமே தராத ஒண்ணை ஒரு மனுஷன் இவ்வளவு வெறியா தேடுவானா? இதுக்கு அறிவியல்ல என்ன பதில்னு சொல்லுங்க. அறிவுரை வேணாம், அதை வீட்டுல எல்லாரும் நிறையவே குடுத்தாச்சு.

ரவி_மெடிக்கல்
சகோதரி, நான் மருந்துக்கடை வச்சிருக்கேன். போன்ல யாரோட சீட்டையோ போட்டோ புடிச்சு வச்சுக்கிட்டு வர்ற பசங்களைத் தினமும் பாக்குறேன். "இல்லப்பா"ன்னா அடுத்த கடை, அதுவும் இல்லன்னா அடுத்த ஊரு. காசு, நேரம், எந்தக் கடையில எந்தப் பையன் கல்லாவுல நிப்பான்ங்குற வரைக்கும் கணக்குப் போட்டு வர்றாங்க. இவ்வளவு திட்டம் போடத் தெரிஞ்சவனுக்கு வேணாம்னு முடிவெடுக்கத் தெரியாதா? எல்லாத்தையும் மூளை மேல போட்டுட்டா மனுஷனுக்குப் பொறுப்பே இல்லாமப் போயிடும்.

சரவணா_கோவை
இழையைப் பின்தொடர்கிறேன். எங்க வீட்டுலயும் இதே கதைதான், சாராயம்.

எலி_ஆய்வகம்
கயல் அக்கா, உங்க தம்பி சொன்ன ஒரு வரியைச் சுத்தித்தான் ஒரு முப்பது வருஷ ஆராய்ச்சியே நடந்திருக்கு. நான் பிஎச்டிக்கு எலிகளை வச்சு இதே துறையிலதான் வேலை பாக்குறேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

1954ல கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர்னு ரெண்டு பேரு எலியோட மூளைக்குள்ள மெல்லிய கம்பி வச்சு, எலி லீவரை அழுத்துனா லேசா கரண்ட் போற மாதிரி செஞ்சாங்க. எலி லீவரை விடவே இல்ல, மணிக்கு நூத்துக்கணக்குல, சில இடத்துல கம்பி வச்சா ஆயிரக்கணக்குல அழுத்துச்சு. அப்ப இருந்து அதை இன்ப மையம்னே எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சாங்க, பிறகு நரம்பு செல்கள் சுரக்குற டோபமைன்ங்குற ரசாயனம் அதுல முக்கியம்னு தெரிஞ்சதும் டோபமைன்னா இன்பம்னு பத்திரிகைக்காரங்க எழுதி எழுதி அது அப்படியே நின்னு போச்சு.

மிச்சிகன்ல கென்ட் பெரிட்ஜ், டெரி ராபின்சன் ரெண்டு பேரும் இதைத்தான் சோதிச்சாங்க. எலி நாக்குல இனிப்புத் தண்ணி விட்டா உதட்டை நக்கும், கசப்பு விட்டா வாயைப் பொளந்து தலையை உதறும். பச்சக்குழந்தையும் இதையேதான் செய்யும். சரி, டோபமைனை மூளையில இருந்து கிட்டத்தட்ட முழுசா அழிச்சுட்டா என்ன ஆகும்? அந்த எலி சாப்பாடு பக்கத்துல இருந்தாலும் எடுக்காது, ஊட்டி விடலைன்னா பட்டினியில செத்துடும். ஆனா நாக்குல இனிப்பை விட்டா முன்ன மாதிரியே ரசிச்சு நக்குது! ரசிக்கிறது அப்படியே இருக்கு, தேடுறது மட்டும் செத்துப்போச்சு. ஆக டோபமைன் வேலை ரசிக்க வைக்கிறது இல்ல, தேட வைக்கிறது. ரசனைக்கு மூளையில தனியா குட்டிக் குட்டி இடங்க இருக்கு, அதுல ஒண்ணு எலிக்கு ஒரு கன மில்லிமீட்டர் அளவுதான்.

1993ல இவங்க ரெண்டு பேரும் சொன்னது: போதைப்பொருளைத் திரும்பத் திரும்ப எடுக்குறப்ப தேடல் சர்க்யூட் மட்டும் மேல மேல கூர்மையாகிக்கிட்டே போகுது, ரசனை அப்படியே நிக்குது, இல்ல குறையுது. அதனால ஒரு கட்டத்துல ரெண்டும் முழுசா பிரிஞ்சுடும். உங்க தம்பி நடிக்கலக்கா. நான் படிச்சதை அவரு அவரோட உடம்புல இருந்து சொல்றாரு.

மனநலம்_பிஜி
எலி சொன்னதுக்கு மனுஷங்ககிட்ட இருந்து ஒரு சாட்சி தர்றேன், நான் மனநல மருத்துவம் முதுகலை. பார்க்கின்சன் நோய்ல டோபமைன் குறைஞ்சு போகும், அதை ஈடு கட்ட ப்ராமிபெக்சோல்னு ஒரு மருந்து குடுப்போம். சிலருக்கு, வாழ்க்கையில சீட்டுக்கட்டையே தொடாதவங்களுக்குக் கூட, இந்த மருந்து ஆரம்பிச்ச பிறகு சூதாட்ட வெறி வந்துருக்கு. சிலருக்கு கண்டபடி சாமான் வாங்குறது, சிலருக்கு சாப்பாடு, சிலருக்கு காமம். ஒரு பெரியவர், ரிட்டயர்டு வாத்தியார், போன்ல ரம்மி ஆடி பென்ஷன் காசை அழிச்சிருந்தார், "ஜெயிச்சாக்கூட எனக்கு சந்தோஷமா இல்லம்மா, ஆனா போனைக் கீழ வைக்க முடியல"ன்னார். மருந்தைக் குறைச்சோம், வெறி அடங்கிடுச்சு. அவரு குணம் கெட்டுப்போய் ஆடல, மருந்தைக் குறைச்சதும் குணம் திருந்தவும் இல்ல. ரவி சார் இந்த கேஸை யோசிச்சுப் பாருங்க.

ரவி_மெடிக்கல்
> மருந்தைக் குறைச்சோம், வெறி அடங்கிடுச்சு
டாக்டரம்மா இது நியாயமான பாயிண்ட். ஆனா அவருக்கு வெளிய இருந்து மருந்து குடுத்தது நீங்க. பையன் மாத்திரையை முதல் தடவை எடுத்தது அவனாதானே?

மனநலம்_பிஜி
முதல் தடவை அவன்தான் சார், யாரும் மறுக்கல. நூறாவது தடவையும் அதே ஆள், அதே மூளைதான் முடிவெடுக்குதாங்கறதுதான் கேள்வி.

எலி_ஆய்வகம்
அந்த நூறாவது தடவைக்கு நல்ல ஆய்வு இருக்கு. 2004ல சயன்ஸ் இதழ்ல அடுத்தடுத்த பக்கத்துல ரெண்டு கட்டுரை வந்துச்சு. ஒண்ணு பிரான்ஸ் போர்தோவுல இருந்து, இன்னொண்ணு கேம்பிரிட்ஜ் பாரி எவரிட் குழுவோட சம்பந்தப்பட்டது. எலி லீவரை அழுத்துனா கொக்கைன் நேரா நரம்புக்குப் போகும். கொஞ்ச காலம் மட்டும் எடுத்த எலிக்கு, லேசா ஷாக் வரப்போகுதுன்னு அறிகுறி தெரிஞ்சாலே தேடுறதை நிறுத்திடும். மாசக்கணக்குல எடுத்த எலிங்கள்ல ஒரு பகுதி நிறுத்தல.

எல்லா எலியும் அப்படி ஆகல, அதான் முக்கியம். போர்தோ ஆய்வுல மூணு மாசம் கொக்கைன் எடுத்த பிறகும் நூத்துக்கு 17தான் எல்லா அறிகுறியும் காட்டுச்சு: இல்லைன்னு தெரிஞ்சும் தேடுறது, அதுக்காக எவ்வளவு வேணா உழைக்கிறது, தண்டனை வந்தும் விடாதது. மத்த எலிங்க அதே அளவு மருந்தை எடுத்தும் அந்த நிலைக்குப் போகல.

எங்க லேப்ல ஷாக் சோதனை ஒண்ணைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். கூண்டுத் தரை முழுக்க இரும்புக் கம்பி, அதுலதான் ஷாக் வரும். பெரும்பாலான எலி ரெண்டு தடவை வாங்குனதும் மூலையில போய் ஒடுங்கிடும். ஒரு எலி மட்டும் பின்னங்காலை மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டு, காதை மடக்கி, உடம்பெல்லாம் நடுங்க நடுங்க லீவர்கிட்டயே நிக்கும், அழுத்தும், கீச்சுன்னு கத்தும், திரும்ப அழுத்தும். அதுக்கு வலிக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. அன்னைக்கு சாயந்திரம் எனக்கு சாப்பாடு இறங்கல.

உள்ள என்ன நடக்குதுன்னா, எவரிட்டும் ட்ரெவர் ராபின்சும் 2005ல எழுதுன விளக்கம் இது. ஆரம்பத்துல தேடலை நடத்துறது மூளையோட ஆழத்துல இருக்குற ஸ்ட்ரையேட்டத்தோட கீழ்ப்பகுதி, அங்க பலன் என்னன்னு கணக்கு இருக்கும். பழகப் பழக அது மேல்ப்பகுதிக்கு மாறிடுது, சைக்கிள் ஓட்டுறது, பல் தேய்க்கிறது எல்லாம் நடக்குற பழக்கப் பகுதி அது, அதுக்கு பலனைப் பத்திக் கவலையே கிடையாது. கூடவே நெத்திக்குப் பின்னால இருக்குற ப்ரீஃப்ரான்ட்டல் கார்ட்டெக்ஸ், அதாவது "நில்லு"ன்னு சொல்ற பகுதி, பலவீனமாகிடுது. 2013ல அந்தோனியோ போன்சி குழு, ஷாக் வாங்கியும் விடாத எலிங்களோட அந்தப் பகுதியை ஒளியால தூண்டி விட்டப்ப தேடல் குறைஞ்சுச்சு. அடக்கி விட்டப்ப, முன்ன நிறுத்தியிருந்த எலிங்களும் தேட ஆரம்பிச்சுச்சு. இதுல இருந்துதான் மனுஷங்களுக்குத் தலைக்கு மேல காந்தம் வச்சு சிகிச்சை பண்ணலாமான்னு சோதிச்சுக்கிட்டு இருக்காங்க.

ரவி அண்ணே, திட்டம் போடத் தெரியுதேன்னு கேட்டீங்க. தேடல் சர்க்யூட்டுக்கு மூளையோட மத்த திறமை எல்லாம் கிடைக்கும், அதான் அவ்வளவு சாமர்த்தியமா கடை கடையா வர்றாங்க. நிறுத்துற பகுதிதான் அடிபட்டிருக்கு. இது ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள சேர்ந்தே இருக்கலாம்.

வடலி_டொரோண்டோ
வணக்கம், நான் யாழ்ப்பாணம், இப்ப டொரோண்டோவில வீடில்லாத ஆக்களுக்கான ஷெல்டர் ஒண்டில வேலை செய்யிறன். எலியை வைச்சு எல்லாத்தையும் சொல்லேலாது எண்டுதான் நான் நினைக்கிறன். இஞ்ச புரூஸ் அலெக்சாண்டர் எண்டவர் எழுபதுகளின்ர கடைசியில சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில எலிகளுக்கு ஒரு பூங்கா மாதிரிக் கட்டி, விளையாட்டுச் சாமானும் மற்ற எலிகளும் விட்டுப் பாத்தவர். தனிக் கூண்டில கிடந்த எலியள் மோர்ஃபின் தண்ணியைக் கனக்கக் குடிச்சுது, பூங்கா எலியள் அவ்வளவாத் தொடேல்லை. என்ர அனுபவமும் அதுதான். போதையில இருக்கிற பெடியளில பாதிப்பேருக்குக் கதைக்க ஒரு சனம் இல்லை. தனிமையை விட்டுப்போட்டு டோபமைனைப் பற்றி மட்டும் கதைச்சு என்ன பிரயோசனம்?

எலி_ஆய்வகம்
வடலி அண்ணா, பூங்கா ஆய்வு எனக்கும் பிடிக்கும், ஆனா திரும்பச் செஞ்சு பார்த்தவங்களுக்கு ஒரே மாதிரி முடிவு வரல, அதனால அதை மட்டும் நம்ப மாட்டேன். நீங்க சொல்ற கருத்துக்கு அதை விட வலுவான ஆய்வு 2018ல வந்திருக்கு, மார்க்கோ வென்னிரோ, யாவின் ஷஹாம் செஞ்சது. எலிக்கு ரெண்டு லீவர், ஒண்ணை அழுத்துனா மெத்தாம்ஃபெட்டமின், இன்னொண்ணை அழுத்துனா ஒரு கதவு திறந்து தோழன் எலியோட கொஞ்ச நேரம் இருக்கலாம். ஏற்கனவே அடிமையா இருந்த எலிங்க உட்பட பெரும்பாலும் தோழனைத்தான் தேர்ந்தெடுத்துச்சு. ஆனா தோழன் வர்றதுக்கு நேரமானாலோ, தோழனுக்குப் பக்கத்துல போக ஷாக் வாங்கணும்னாலோ மறுபடி மருந்துப் பக்கம் போயிடுச்சு. இந்தக் கடைசி வரியை ஒவ்வொரு குடும்பமும் படிக்கணும்னு நினைப்பேன். வீட்டுக்குள்ள நுழையும்போதெல்லாம் திட்டு விழுந்தா அது அந்த ஷாக்தான்.

அதே மாதிரி 2007ல பிரான்ஸ்ல செர்ஜ் அகமது குழு, கொக்கைனா சாக்கரின் தண்ணியான்னு தேர்ந்தெடுக்க விட்டப்ப நூத்துக்கு 94 எலி இனிப்பைத்தான் எடுத்துச்சு. மாற்று ஒண்ணு கையில கிடைச்சா மூளை இன்னும் மாறும். மூளை கெட்டுப்போச்சு இனி அவ்வளவுதான்னு சொல்றவங்களுக்கு இது பதில்.

கயல்_திருச்சி
ஷாக் பத்திப் படிச்சதும் போனைக் கீழ வச்சுட்டேன், அப்பாவுக்கு இதைக் காட்டணும். இன்னொரு சந்தேகம். மையத்துல இருந்து வந்த முதல் மாசம் அவனுக்கு நெனப்பே வரலையாம். அஞ்சாறு மாசம் கழிச்சுத்தான் வந்துச்சாம். காலம் ஆக ஆகக் குறையணும் இல்லையா?

மனநலம்_பிஜி
எல்லாக் குடும்பமும் ஏமாந்து போற இடம் இது. நடுக்கம், வாந்தி, உடம்பு வலி எல்லாம் ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கிடும், அதனால குணமாயிட்டான்னு நினைச்சுடுவாங்க. ஆனா தூண்டுதல் கிடைச்சா வர்ற வேட்கை கொஞ்ச காலத்துக்குக் கூடிக்கிட்டே போகும். 2001ல நேச்சர்ல ஷஹாம் குழு எலிகள்ல இதைக் காட்டுச்சு, கொக்கைனை நிறுத்துன மறுநாளை விட ரெண்டு மாசம் கழிச்சு, மருந்தோட சேர்ந்து வந்த விளக்கையும் சத்தத்தையும் மட்டும் காட்டுனப்ப எலி அதிகமா லீவரை அழுத்துச்சு. பிறகு ஹெராயின், சாராயம், நிக்கோட்டின் எல்லாத்துலயும் இதே மாதிரி கண்டுபிடிச்சாங்க. நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ்ல, அதாவது ஸ்ட்ரையேட்டத்தோட அந்தக் கீழ்ப்பகுதியில, நரம்பு இணைப்புகள்ல புது வகை ரிசெப்டர்கள் (ரசாயனம் வந்து ஒட்டுற இடங்க) உள்ள வந்து உக்காருறது இதுக்கு ஒரு காரணம். நீங்க பார்த்தது அவரோட நன்றிகெட்டத்தனம் இல்லம்மா, ஏற்கனவே தெரிஞ்ச ஒரு கால அட்டவணை.

தெருவுல திரும்புனதும் கால் போகுதுன்னாரே, அது வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகள்ல பார்த்தது. ஜூஸ் குடுத்தா டோபமைன் செல் துடிக்கும். ஜூஸுக்கு முன்னாடி ஒரு விளக்கு எரியும்னு பழகிட்டா பிறகு விளக்குக்குத்தான் துடிக்கும், ஜூஸுக்குத் துடிக்காது, விளக்கு எரிஞ்சும் ஜூஸ் வரலைன்னா வழக்கத்தை விட அடங்கிடும். உங்க தம்பிக்கு அந்தத் தெருவே விளக்கு. மாத்திரை அட்டை படபடன்னு கிழியுற சத்தத்துக்கே சிலருக்கு வயிறு கலங்கி வேர்த்துடும், ஓபியில கண்ணால பாக்குறோம்.

வடலி_டொரோண்டோ
இடம் மாறினா விடுபடலாம் எண்டதுக்கு வியட்நாம் ஆமிக்காரரின்ர கதை இருக்கெல்லோ. அங்க இருந்த அமெரிக்க வீரரில கிட்டத்தட்ட அஞ்சில ஒருத்தர் ஹெராயினுக்கு அடிமையா இருந்ததா சொன்னவை. 1971க்குப் பிறகு லீ ராபின்ஸ் எண்ட அம்மா திரும்பி வந்த ஆக்களைத் தேடிப் போய் ஆராய்ஞ்சவ, அடிமையா இருந்தவையில முதல் வருசத்தில திரும்ப அடிமையானது நூற்றுக்கு அஞ்சு பேர் மட்டில தான். அந்தக் காடும் இல்லை, அந்தக் கூட்டமும் இல்லை, வீட்டில மனிசி பிள்ளையள்.

மனநலம்_பிஜி
உண்மைதான் அண்ணா. ஆனா நம்ம ஆளுங்க மையத்துல இருந்து திரும்புறது அதே தெருவுக்கு. வியட்நாம்காரங்க திரும்புனது வேற கண்டத்துக்கு.

ரவி_மெடிக்கல்
நீங்க சொல்ற ஆய்வெல்லாம் ஏத்துக்குறேன். ஒண்ணு மட்டும் ஒத்து வரல. இந்தப் பழக்கத்தை விட வைக்க புப்ரெனார்பின்னு ஒரு மாத்திரை குடுக்குறதுன்னு சொல்றாங்களே, அதுவும் ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்துதானே. மாத்திரையை விட்டுட்டு இன்னொரு மாத்திரை. இது என்ன சிகிச்சை? எங்க கடைக்கு வர்ற பசங்கள்ல சில பேரு இதையே கேட்டு வர்றாங்க.

மனநலம்_பிஜி
கடையில வாங்குறது ஆபத்துதான் சார், அதை அனுமதி வாங்குன மையத்துல டாக்டர் பார்த்துத்தான் குடுக்கணும். ஆனா மருந்தே வேற மாதிரி வேலை செய்யுது. ஹெராயின், வலி மாத்திரை எல்லாம் டோபமைன் செல்களை அடக்கி வைக்கிற செல்களை முடக்கும், அதனால டோபமைன் சர்ருன்னு ஏறும், சீக்கிரம் இறங்கும், இறங்குனதும் திரும்பத் தேடல். புப்ரெனார்பின் அதே ரிசெப்டர்ல போய் உக்காரும், ஆனா பாதி அளவுதான் தூண்டும், ரொம்ப நேரம் எந்திரிக்காது. பஸ்ல கர்ச்சீப் போட்டு சீட் புடிச்சு வைக்கிறோமே அதுதான், வேற மாத்திரை வந்தாலும் உக்கார இடமில்ல. ஒரு அளவுக்கு மேல மூச்சையும் அடக்காது. அந்த ஏத்தமும் இறக்கமும் நின்னாத்தான் மனுஷன் வேலைக்குப் போகவும், நம்ம பேச்சைக் காதுல வாங்கவும் முடியும். 1965ல நியூயார்க்ல டோல், நைஸ்வாண்டர்னு ரெண்டு டாக்டருங்க மெத்தடோன்ங்குற இன்னொரு ஓபியாய்டு மருந்துல ஆரம்பிச்சு வச்ச வழி இது, சாவு எண்ணிக்கையை இவ்வளவு குறைச்ச சிகிச்சை ஓபியாய்டுக்கு வேற இல்ல. பஞ்சாப்லயும் மணிப்பூர்லயும் அரசாங்கமே புப்ரெனார்பின் குடுக்குது.

வடலி_டொரோண்டோ
இஞ்ச மெத்தடோனை ஆரஞ்சு ஜூசில கலந்து ஃபார்மசிக்காரருக்கு முன்னாலயே குடிக்க வேணும். காலமை வந்து குடிச்சுப்போட்டு வேலைக்கு ஓடுற ஆக்களை நாளாந்தம் பாக்கிறன், லொறி ஓட்டுற ஆக்கள், சமையல்காரர், அம்மாமார். ஆரும் சொன்னாலொழிய உங்களுக்குத் தெரியவே வராது.

சரவணா_கோவை
அப்ப இது நோயா பழக்கமா? ஒரு வார்த்தையில சொல்லுங்கப்பா, வீட்டுல சண்டையே இதுலதான்.

எலி_ஆய்வகம்
ஒரு வார்த்தையில முடியாது சரவணா. 1997ல ஆலன் லெஷ்னர் மூளை நோய்னு எழுதுனார், நோரா வோல்கோவ் ஸ்கேன் எடுத்து, டோபமைன் வந்து ஒட்டுற டி2 ரிசெப்டர் குறைஞ்சிருக்குறதைக் காட்டி அதையே வலியுறுத்துறாங்க. மார்க் லூயிஸ்னு ஒரு நரம்பியல் அறிஞர், இளவயசுல அவரே போதைக்கு அடிமையா இருந்தவர், இது நோய் இல்ல, ஆழமாப் பதிஞ்ச கற்றல்ங்குறார். எனக்கு லூயிஸ் பக்கம் கொஞ்சம் சாய்வு, ஏன்னா பெரும்பாலானவங்க காலப்போக்குல விட்டுடுறாங்க. ஆனா நோய்னு சொன்னதாலதான் ஜெயிலுக்குப் பதிலா ஆஸ்பத்திரிக் கதவு திறந்துச்சு, அதை இழக்கவும் கூடாது.

மனநலம்_பிஜி
கயல், ரொம்ப முக்கியமான ஒண்ணு சொல்லணும், இதுவரைக்கும் யாரும் எழுதல. அஞ்சாறு மாசம் நிறுத்துன பிறகு உடம்பு தாங்குற சக்தி இறங்கிடும். பழைய அளவை எடுத்தா மூச்சு நிக்கலாம். மையத்துல இருந்து வந்த புதுசுலதான் சாவு அதிகம் நடக்குது. இடமும் இதுல சேரும், 1982ல ஷெப்பர்ட் சீகல் எலிகளுக்கு ஒரே அளவு ஹெராயின் குடுத்தார், வழக்கமா ஊசி போடுற அறையில செத்தது நூத்துக்கு 32, புது அறையில 64. பழகுன இடத்துல உடம்பு முன்கூட்டியே தயாராகிக்குது, புது இடத்துல அது நடக்காது. தம்பிகிட்ட கோவப்படாம இதை நேரடியா சொல்லிடுங்க. தனியா ரூமைப் பூட்டிக்க விடாதீங்க. மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, எழுப்புனா எந்திரிக்கலைன்னா உடனே 108. ஆஸ்பத்திரியில ஓபியாய்டோட வேலையை முறிக்கிற நலாக்சோன் ஊசி இருக்கும்.

வடலி_டொரோண்டோ
ஓம், ஒன்ராறியோவில நலாக்சோன் ஸ்ப்ரேயை ஃபார்மசியில இலவசமாத் தருவினம், என்ர பையில எப்பவும் ஒண்டு கிடக்கும். மூக்கில அடிச்சு ரெண்டு மூண்டு நிமிசத்தில கண் முழிச்ச பெடியனை நான் கண்டிருக்கிறன்.

கயல்_திருச்சி
இதை யாருமே எங்ககிட்ட சொல்லல. மையத்துல "இனி பயமில்லம்மா"ன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. நேத்து ராத்திரி அவன் பக்கத்துல உக்காந்து முழு இழையையும் வாசிச்சுக் காட்டுனேன். எலி காலைத் தூக்கிக்கிட்டு அழுத்துனதை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னான். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு வர்றேன்னுட்டான். அங்க என்ன கேப்பாங்க டாக்டர்?

மனநலம்_பிஜி
கடைசியா எப்ப, என்ன, எவ்வளவு எடுத்தார்னு கேப்போம். அதை மட்டும் மறைக்காம சொல்லச் சொல்லுங்க, போலீசுக்குப் போகாது. பழைய மாத்திரை உடம்புல முழுசா இருக்கும்போது புப்ரெனார்பின் குடுத்தா அது இருக்கிறதைத் தள்ளிட்டு உக்காரும், வலியும் வாந்தியும் ஒரேயடியா கிளம்பிடும், பலபேரு அதுல பயந்தே ஓடிடுறாங்க. அதனால கொட்டாவி, மூக்கு ஒழுகல், புல்லரிப்பு தொடங்குற வரைக்கும் காக்க வச்சுத்தான் முதல் மாத்திரையை நாக்குக்கு அடியில வைப்போம். அன்னைக்கு காத்திருக்குற நேரம் நீளமா இருக்கும், நீங்க கூட வாங்க, ஒரு போர்வையும் தண்ணி பாட்டிலும் எடுத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி ஏதாவது கேக்கணும்னா அரசாங்கத்தோட போதை மீட்பு உதவி எண் 14446க்கு போன் பண்ணுங்க, இலவசம்.

ரவி_மெடிக்கல்
சகோதரி, அவன் வழக்கமா போற கடை எதுன்னு எனக்குத் தனி மெசேஜ்ல சொல்லுங்க. எங்க சங்கத்துல பேசுறேன்.